வலைக்கு வெளியே ஒரு வாங்கு

இன்னாசித்தம்பிக்கு பேஸ்போல் விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்காது. விளங்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டதுமில்லை. ஆனாலும் அந்த வருடம் சித்திரை தொடங்கி ஆனி வரைக்கும், ஹம்பேர்க்கின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன மைதானத்துக்கு ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனார். பூசை தவறினாலும் தவறும், ஆட்டம் தவறாது. மனிசனுக்கு இந்த வயதில் நல்ல விளையாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சனம் சிரித்தது. அவர் பார்க்கப் போனது விளையாட்டை அல்ல, தன் மனைவி இமெல்டாவை.

மன்னாரிலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வந்த நாளிலிருந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கிட்டங்கியில்தான் வேலை. விடியுமுன் போய், பெட்டி இறக்கி, மீன் வெட்டி, ஐஸ் போட்டு, மத்தியானம் வீடு வந்துவிடுவார். கூட வேலை செய்தவர்கள் போர்த்துக்கேயர்கள், துருக்கிக்காரர்கள், போலந்துக்காரர்கள். எல்லாரும் பேசியது ஆளுக்கு அரைக் கொத்து ஜெர்மன். மீன்களின் பெயர், பெட்டியின் நிறை, முதலாளியின் ஏச்சு, இந்த மூன்றும் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் எலுமிச்சம் பாதியை எடுத்துக் கையிரண்டையும் தேய்ப்பார். மணம் போகாது. போகாது என்று தெரிந்தும் தேய்ப்பார்.

இமெல்டாவின் கதை வேறு. நாற்பது தாண்டிய பிறகு, பிள்ளை வயதுக்காரிகளோடு வகுப்பறை வாங்கில் இருந்து படித்து, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கான ஆஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பை முடித்தவள். அங்கே கண் மங்கிய கிழவிகளுக்குக் காலையில் பத்திரிகை வாசித்துக் காட்டுவது அவளுடைய வேலைகளில் ஒன்று. வாசித்து வாசித்து அவளுடைய ஜெர்மன் மணி மணியாக வந்துவிட்டது. தொலைபேசியில் கேட்பவர்கள் அவளை வெள்ளைக்காரி என்றே நினைப்பார்கள். வீட்டுக்கு வரும் கடிதம், டெர்மின் என்ற சந்திப்பு நேரங்கள், அன்ட்ராக் என்ற விண்ணப்பங்கள் எல்லாம் அவள் கையில்தான். முன்பு இன்னாசித்தம்பிக்கு அது பெருமையாக இருந்தது. எப்போதிருந்து அது முள்ளாகியது என்று அவருக்கே தெரியாது.

மகள் லிசா பள்ளிக்கூட நாட்களில் சிநேகிதியோடு அந்தக் கழகத்தில் சேர்ந்து விளையாடினாள். கூட்டிப் போய் கூட்டி வந்தது இமெல்டா. பிறகு லிசா படிப்புக்கென்று கார்ல்ஸ்ரூஹேக்குப் போய், அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டாள். மகள் விட்டுப் போன இடத்தைத் தாய் விடவில்லை. முதலில் கழகத்துச் சிற்றுண்டிச் சாலைக்கு றோல்ஸ் செய்து கொண்டுபோனாள். பிறகு ஒருநாள், அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று ஒலிவாங்கியை அவளிடம் கொடுத்தார்கள். அன்றோடு அவள் அந்த மைதானத்தின் குரலாகிவிட்டாள்.

தொண்டை கட்டிய அந்த அறிவிப்பாளர்தான் லோரென்சன். எஸ்-பான் என்ற நகர ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுத்த தரிப்பு இன்னது, கதவு மூடுகிறது, கவனம் என்று காலமெல்லாம் அறிவித்த குரல். மனைவி இறந்து சில வருடம். ஸ்திரிக்கை போட்ட வெளிர்நீலச் சட்டை, வாரிய நரைமுடி, யாரைக் கண்டாலும் தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம். தொண்டை சுகமான பிறகும் அவர் ஒலிவாங்கியைத் திருப்பிக் கேட்கவில்லை. தான் எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, கொட்டிலில் அவள் பக்கத்தில் மற்றக் கதிரையில் இருந்துகொண்டார்.

அந்தக் கொட்டிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டைக்காரன் நின்று அடிக்கும் மூலைக்குப் பின்னால் உயரமான வலை ஒன்று கட்டியிருந்தது. வலையின் பின்னால் மரத்தாலான கொட்டில். முன்பக்கம் பெரிய திறப்பு, பக்கவாட்டில் ஒரு சின்னச் சாளரம். வலை அந்த மூலையை மட்டும் மறைத்துவிட்டு முடிந்துவிடும். இரண்டு பக்கமும் சனம் இருந்து பார்க்க நீண்டிருந்த வாங்குகளுக்கு முன்னால் இடுப்பளவுக் கம்பிவேலிதான். கிரிக்கெட் தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். கிரிக்கெட்டில் கூட்டத்துக்குள் வரும் பந்து மேலே போய், மிதந்து, ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு வரும். பேஸ்போலில் அடி பிழைத்தால் பந்து பக்கத்தில் திரும்பி நேர்கோடாகச் சீறும். கண் மூடித் திறக்குமுன் வந்து சேரும்.

முந்திய வருடம் அப்படி ஒரு பந்து ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெட்டைப் பிள்ளையின் தோளெலும்பை உடைத்திருந்தது. வலையை இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும் என்று லோரென்சன் கழகக் கூட்டத்தில் கேட்டார். வலைக்குள்ளால் ஆட்டம் பார்ப்பது மீன்தொட்டிக்குள் இருந்து பார்ப்பது போல என்றார்கள் சிலர். பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். பதிலுக்கு ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டார்கள்: பந்து பறக்கும், உங்கள் பொறுப்பில் அமருங்கள். அடி பிழைக்கும்போதெல்லாம் இமெல்டா ஒலிபெருக்கியில் "அக்துங், ஃபவுல்போல்" என்று, கவனம், பிழைத்த பந்து வருகிறது என்று எச்சரிப்பாள். அது அவளுடைய கடமைகளில் முதலாவது.

இன்னாசித்தம்பிக்கு இதெல்லாம் முதலில் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் அவர் நித்திரை கொள்வார், அவள் மைதானத்துக்குப் போவாள். ஒருநாள் அவளை ஏற்றிவரக் காரோடு போனவர், ஆட்டம் முடியவில்லை என்று வேலியோரம் நின்றார். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு சிரிப்புக் கேட்டது.

ஒலிவாங்கியை நிறுத்த மறந்திருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. அடங்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் வெடித்தது. மைதானத்தில் இருந்தவர்களும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இன்னாசித்தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவர் கடைசியாகக் கேட்டது லிசா பிறக்குமுன், இரண்டு பேரும் ஒற்றை அறையில் அகதி அட்டையோடு இருந்த காலத்தில். அது இன்னும் அவளிடம் இருக்கிறது. வீட்டில் செலவழிக்காமல் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறாள். அவருக்கு நெஞ்சுக்குள் யாரோ ஐஸ் அள்ளிப் போட்டது போல இருந்தது.

காரில் வரும்போது கேட்டார்.

"என்னத்துக்கு அப்பிடிச் சிரிச்சனீர்?"

"கேட்டதோ?" இமெல்டா வெட்கப்பட்டாள். "அது ஹெர் லோரென்சன் ஒரு கதை சொன்னவர். ரயில்ல ஒரு மனிசி நாயைக் கொண்டு வந்து..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். "அது தமிழில சொன்னா சிரிப்பு வராது, அப்பா. ஜெர்மன் சொல்லு ஒண்டிலதான் விசயம் கிடக்கு." லிசா பிறந்ததிலிருந்து அவள் அவரை அப்பா என்றே கூப்பிடுவாள்.

"ஓமோம்" என்றார். தமிழில் வராத ஒரு பகிடி தன் வீட்டுக்குள் வந்து குந்திவிட்டதாக அவருக்குப் பட்டது. ஒளிக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் நித்திரை கொள்ளவில்லை.

அடித்தவன் முதலில் ஓடிச் சேரும் முதலாவது தளத்துப் பக்கமாக நீண்ட வாங்கின் ஓரத்தை அவர் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் அங்கேயிருந்து பார்த்தால் கொட்டிலின் பக்கச் சாளரம் நேரே தெரியும். சாளரத்துக்குள் ஒரு நீலச் சட்டைத் தோளும் இமெல்டாவின் பின்னலும். தேநீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து யார் யாருக்கு ஊற்றுகிறார்கள், யார் யாருடைய காதருகே குனிகிறார்கள், எல்லாம் தெரியும். ஒலிபெருக்கியின் சத்தத்தில் ஆளுக்கு ஆள் குனிந்துதான் பேச முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு குனிவும் அவரைக் குத்தியது. சுற்றியிருந்தவர்கள் எழும்பிக் கத்தும்போது அவர் எழும்ப மாட்டார். ஆட்டத்தில் எந்தக் கட்சி வென்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லோரென்சன் அன்றைக்கு எத்தனை தரம் தொப்பியைக் கழற்றித் தலை சொறிந்தார் என்று கேட்டால் சொல்லுவார்.

"அந்த வாங்கில இராதேங்கோ" என்று இமெல்டா சொல்லிப் பார்த்தாள். "அங்காலதான் பந்து வாறது. வலைக்குப் பின்னால இடம் கிடக்குத்தானே."

"எனக்கு இஞ்ச நல்லாத் தெரியுது."

"விளையாட்டைப் பாத்தாப் பரவாயில்லை. நீங்கள் எங்கயோ பாத்துக்கொண்டு இருக்கிறியள். அதுதான் பயமாக் கிடக்கு."

கண்டுவிட்டாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. தன்னை அங்கேயிருந்து எழுப்பினால் சாளரம் மறைந்துவிடும், அதற்குத்தான் பந்தைச் சாட்டுகிறாள் என்று முடிவு கட்டினார். மறுநாள் கிட்டங்கியில் மீன் வெட்டும்போதும் அதையே மென்றுகொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் தேய்ப்பது இரண்டு மடங்காகியது. ஒருநாள் கடைக்குப் போய் வெளிர்நீலத்தில் ஒரு சட்டை வாங்கினார். வீட்டில் போட்டுப் பார்த்தார், கழுத்து இறுக்கியது. இமெல்டா காணுமுன் அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

லிசா தொலைபேசியில் சிரித்தாள். "அப்பா, நான் விளையாடேக்க ஒருநாளும் வரேல்ல. இப்ப மட்டும் ஒவ்வொரு கிழமையும் போறீங்களாம்."

"அம்மா தனிய எல்லோ" என்றார்.

"அம்மா தனிய இல்லையே. ஹெர் லோரென்சன் இருக்கிறார்."

பிள்ளை கபடமில்லாமல் சொன்னதுதான். அன்றிரவு அவர் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தார்.

ஆனி மாதத்து ஒரு ஞாயிறு. வெயில் நன்றாக எறித்தது, சனமும் வழமையை விடக் கூட. ஆட்டத்தின் நடுவில் சாளரத்தைப் பார்த்தார், நீலச் சட்டையைக் காணவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார். அதற்குள் வாங்கின் மற்ற அந்தத்திலிருந்து லோரென்சன் வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு கோப்பி.

"டார்ஃப் இஷ்?" என்றார். இருக்கலாமா என்று கேட்பது இன்னாசித்தம்பிக்கும் விளங்கியது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினார்.

லோரென்சன் பக்கத்தில் இருந்தார். இருந்தவர் மைதானத்தைப் பார்க்கவில்லை. மரியாதைக்காக உடம்பை இன்னாசித்தம்பி பக்கம் முழுக்கத் திருப்பி, மட்டைக்காரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோப்பியை நீட்டினார். பிறகு மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பேசத் தொடங்கினார். விளங்க வேண்டும் என்று அவர் படும் பாடு முகத்தில் தெரிந்தது. இன்னாசித்தம்பி "யா, யா" என்றார். காது அங்கே இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்கிறானே என்ற எரிச்சல் ஒரு பக்கம். இந்தக் கையால்தானே அவளுக்குத் தேநீர் ஊற்றுகிறான் என்ற நினைவு ஒரு பக்கம். நிமிர்ந்து சாளரத்தைப் பார்த்தார். இமெல்டா அங்கேயிருந்து இவர்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பையும் அவர் தப்பாகவே வாசித்தார்.

அப்போது மட்டையெடுத்து வந்தவன் இடக்கைக்காரன். இடக்கைக்காரன் வேகமாகச் சுழற்றினால் பந்து முதலாவது தளத்துப் பக்கம்தான் திரும்பும். வாங்கில் இருந்த மற்றவர்களுக்கு அது தெரியும், பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. அதோடு ஒலிபெருக்கியும் கேட்டது. வழமையான அக்துங் அல்ல.

"அப்பா, குனியுங்கோ!"

அவர் குனிந்தார். யோசிக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. தலையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டார். மேலே காற்று கிழிந்தது. உடனே இன்னொரு சத்தம், பெரிதாக இல்லை. சூடான கோப்பி அவருடைய பிடரியில் கொட்டியது. நிமிர்ந்தபோது லோரென்சன் வாங்கிலிருந்து சரிந்து, அவருடைய மடியில் சாய்ந்துகொண்டிருந்தார். தொப்பி கீழே கிடந்தது. பந்து அவருடைய காதுக்கு மேலே, பின்பக்கமாகப் பட்டிருந்தது. ரத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கண் திறந்திருந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை அந்த நரைத்த தலை இன்னாசித்தம்பியின் மடியில்தான் இருந்தது. அசைக்க வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். இமெல்டா ஓடிவந்து அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னாசித்தம்பி அவள் கையைப் பார்த்தார். அந்த நேரத்திலும் பார்த்தார். அதை நினைத்து அவர் பின்னர் பல நாள் தன்னையே வெறுத்தார்.

லோரென்சனுக்கு நினைவு திரும்பவில்லை. அந்தக் கிழமை முடியுமுன் மருத்துவமனையில் இறந்துபோனார்.

பொலிசார் வந்து விசாரித்தார்கள். வயதான பெண் அதிகாரி, கோபமில்லாமல் கேட்டாள். ஒலிபெருக்கியில் அந்தக் கணத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? இமெல்டா மறைக்கவில்லை. என் புருஷனைக் குனியச் சொன்னேன், என் பாஷையில் சொன்னேன் என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டாள். எந்தப் பாஷையில் சொல்லியிருந்தாலும், முதுகைக் காட்டி இருந்தவருக்கு நேரம் போதியிருக்காது, இதில் ஒருவர் மேலும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அவ சும்மா சொல்லுறா" என்றாள் இமெல்டா, கதவு சாத்தின பிறகு. "ஜெர்மனில சொல்லியிருந்தா அந்த மனிசனும் குனிஞ்சிருக்கும். உங்களுக்குக் குனிய நேரம் இருந்ததுதானே."

இன்னாசித்தம்பியிடம் இருந்தது வெளியே காட்டக் கூசும் ஒரு சந்தோசம். பந்து பறந்த கணத்தில் அவளுடைய வாயில் வந்தது பக்கத்து மனிதரின் பெயர் அல்ல, கடமைச் சொல்லும் அல்ல. ஜெர்மன் முழுவதும் கழன்று விழுந்து, அடியில் கிடந்த தமிழ் வந்தது. அதில் கூப்பிட்டது தன்னை. சாகக் கிடந்த மனிதருக்காக அவள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த நாட்களில், இவர் மீன் வெட்டிக்கொண்டே அந்த இரண்டு சொல்லையும் திருப்பித் திருப்பி மனதில் போட்டுக் கேட்டார். கேட்கும்போது இனித்தது. இனித்தவுடன் வெட்கமும் வந்தது.

அந்தச் சந்தோசமும் நிலைக்கவில்லை. லோரென்சன் இறந்த பிறகு இமெல்டா அந்தோனியார் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள், அணைய விடவில்லை. மச்சம் மாமிசம் சமைக்கவில்லை. சவச் சடங்குக்குப் பூ வாங்கக் கடையில் நெடுநேரம் நின்று, ஒவ்வொன்றாக முகர்ந்து, வெள்ளை வேண்டாம் என்று மஞ்சள் எடுத்தாள். அவருக்கு மஞ்சள்தான் பிடிக்கும் என்றாள். இன்னாசித்தம்பி கடை வாசலில் நின்று யோசித்தார். எனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று இவளுக்குத் தெரியுமா? உயிரோடு இருந்தவனை ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பார்த்தால் போதும். செத்தவன் கிழமை முழுக்க வீட்டில் இருந்தான். அவனுக்கு மீன் மணமும் இல்லை, உடைந்த ஜெர்மனும் இல்லை. இனி ஒரு பிழையும் விடமாட்டான்.

சடங்கு முடிந்து தேநீர் கொடுக்கும் இடத்தில், லோரென்சனின் மகள் வீப்கே அவரைத் தேடி வந்தாள். மியூன்ஷனுக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள், தகப்பனைப் போலவே உயரம். விளங்குதோ என்று பார்த்துப் பார்த்து மெல்லப் பேசினாள். லிசாவும் வந்திருந்தாள், அருகில் நின்று தமிழில் சொன்னாள்.

"அப்பா, கடைசியாத் தன்ரை அப்பாவோட கதைச்சது நீங்கள்தானாம். அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தவர் எண்டு கேக்கிறா."

இன்னாசித்தம்பி கோப்பையை மேசையில் வைத்தார். என்ன சொன்னார்? உதடு அசைந்தது நினைவிருந்தது. சிரித்தது நினைவிருந்தது. இரண்டு கையையும் ஏதோ அகலம் காட்டுவது போல விரித்தது நினைவிருந்தது. ஒரு சொல்கூடக் காதில் இல்லை. மகள் ஒருத்தி, தகப்பனின் கடைசிப் பேச்சைக் கேட்டு நிற்கிறாள். அவரிடம் இருந்தது "யா, யா" மட்டும்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தார். உங்களைப் பற்றித்தான் பேசினார் என்றால் அவள் சந்தோசப்படுவாள். நாக்கு வரவில்லை.

"நான் கேக்கேல்ல" என்றார் லிசாவிடம். "அவர் சொன்னவர். நான் காது குடுக்கேல்ல. அப்பிடியே சொல்லு."

லிசா தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீப்கே தலையை ஆட்டிவிட்டு, அவருடைய தோளை மெல்லத் தொட்டுவிட்டு, வேறு ஆட்களிடம் போனாள். ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, லிசாவை ரயிலேற்றிய பிறகு, இமெல்டா கேட்டாள்.

"ஏன் காது குடுக்கேல்ல?"

அவர் கதிரையில் இருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை.

"எனக்கு அந்த மனிசனைப் பிடிக்காது."

"ஏன்?"

"உமக்குத் தெரியாதோ?"

"தெரியாது. சொல்லுங்கோ."

சொன்னார். சிரிப்பைச் சொன்னார், சாளரத்தைச் சொன்னார், தேநீர்ப் போத்தலைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போனது. மாதக்கணக்கில் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது மேசையில் வைத்தபோது ஒரு கைப்பிடிகூட இல்லை. இமெல்டா முடியும்வரை கேட்டாள்.

"அண்டைக்கு அந்த மனிசன் தானா எழும்பி வரேல்ல" என்றாள். "நான்தான் அனுப்பினனான். என்ரை மனிசன் ஒவ்வொரு கிழமையும் தனிய இருக்குது, பாஷை பிடிபடாமல் ஒருத்தரோடையும் சேராமல் இருக்குது, ஒருக்காப் போய்க் கதையுங்கோ எண்டு கெஞ்சினனான். அவருக்குக் கொட்டிலை விட்டு வர மனமில்லை. வலைக்கு வெளியில இருக்கிறது அவருக்குப் பயம். எனக்காகத்தான் போனவர்."

இன்னாசித்தம்பி கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"நீங்கள் சந்தேகப்பட்டது எனக்குக் கோவமில்லை" என்றாள். "அந்தச் சந்தேகத்துக்காக அந்த வாங்கில போய் இருந்தியளே, அதுதான் என்னால ஏலாமக் கிடக்கு."

எழும்பிப் போய் மற்ற அறையில் படுத்துக்கொண்டாள். சண்டை பிடித்த நாட்களில்கூட அவள் அப்படிப் படுத்ததில்லை.

கோடை முழுவதும் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. இமெல்டா மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஒலிவாங்கியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இலையுதிர் காலத்தில் கழகக் கூட்டத்துக்கு அறிவித்தல் வந்தது, வலையை நீட்டுவது பற்றி வாக்கெடுப்பு. இமெல்டா போக வெளிக்கிட்டாள். இன்னாசித்தம்பி கேட்காமலே காரை எடுத்தார்.

அவ்வளவு நடந்த பிறகும் அங்கே ஒருவர் எழும்பி, இப்படி ஒன்று நூறு வருடத்துக்கு ஒருதரம்தான் நடக்கும் என்றார். பார்வை மறைந்தால் சனம் வராது என்றார். இமெல்டா எழும்பினாள். தாளில்லை, கையில் ஒன்றுமில்லை. லோரென்சன் இதையே போன வருடம் இந்த மண்டபத்தில் கேட்டார், நாங்கள் பிறகு பார்ப்போம் என்றோம், நானும் அன்றைக்குக் கையை உயர்த்தவில்லை என்றாள். என் குரல் ஒரு ஆளைத்தான் காப்பாற்றியது, வலை என்றால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கும் என்றாள். இந்த வசனம் இன்னாசித்தம்பிக்கு முழுதாக விளங்கியது. அவள் அந்தப் பெயரைச் சொன்ன விதமும் விளங்கியது. ஒவ்வொரு தரமும் அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் ஒரு சொட்டுத் தாழ்ந்தது. தன் பெயரை அவள் இப்படி ஒரு கூட்டத்தில் சொல்வாளா என்ற பழைய முள் மறுபடியும் எழும்பியது. அது எழும்புவதைப் பார்த்துக்கொண்டே, முள் குத்தக் குத்த, அவர் கையை உயர்த்தினார். உறுப்பினர் அல்லாதவருக்கு வாக்கில்லை என்று பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னார். பரவாயில்லை என்று கையை இறக்காமல் வைத்திருந்தார். இமெல்டா அதைக் கண்டாள்.

வலை வந்தது. மாரி முடியுமுன் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, வாங்குகளின் கடைசி வரைக்கும் கட்டிவிட்டார்கள். இலைதுளிர் காலத்து முதல் ஆட்டத்துக்கு வீப்கேயே தொலைபேசி எடுத்து இமெல்டாவைக் கூப்பிட்டாள். அவள் போனாள், கொட்டிலுக்குள் போகவில்லை. அடுத்த மாதம் போனாள். இப்போது அங்கே பக்கத்துக் கதிரையில் டொறத்தி என்ற கழகத்துப் பிள்ளை இருக்கிறாள். இமெல்டா அறிவிக்கிறாள், முன்போல நன்றாகவே அறிவிக்கிறாள். ஒலிபெருக்கியில் சிரிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை.

வீப்கே தூரத்தில் இருப்பதால் சவக்காலையில் கல்லறையைப் பார்க்கும் பொறுப்பை இமெல்டா எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமையில் போய்த் தண்ணீர் ஊற்றி, சருகு பொறுக்கிவிட்டு வருவாள். இன்னாசித்தம்பி ஏற்றிக்கொண்டு போய் வாசலில் காருக்குள் இருப்பார். அவள் உள்ளே எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்க்கக்கூடாது என்று வானொலியைப் போட்டுக்கொள்வார். போட்டும் பார்ப்பார்.

ஆடியில் ஒரு சனி, அவளுக்குக் கடும் காய்ச்சல். வெளியில் மழை கண்டு பல நாள், வெயில் கொளுத்தியது.

"பூ எல்லாம் கருகிப் போடும்" என்றாள், மற்ற அறைக் கட்டிலில் கிடந்தபடி. "ஒருக்காப் போவியளோ?"

"போறன்."

சவக்காலைக் குழாயடியில் பச்சை வாளி நிறைத்துத் தூக்கிக்கொண்டு, கல்லறையைத் தேடிப் பிடித்தார். உவே லோரென்சன் என்று எழுதி, கீழே மனைவியின் பெயரும் இருந்தது. அவருக்கு மனைவி ஒருத்தி இருந்தாள், அவள் பக்கத்திலேயே கிடக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உண்மையாக உறைத்தது. மஞ்சள் பூக்கன்று. இமெல்டா வேரோடு கொண்டுவந்து நட்டது. வீட்டுப் பல்கனியில் இருப்பதை விட இது செழிப்பாக இருக்கிறதே என்று நினைத்தார். நினைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினார்.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் இருந்தார்.

"ஐயா" என்றார் தமிழில். "நீங்கள் அண்டைக்கு ஏதோ கைய விரிச்சுக் காட்டினியள். ஒரு பெரிய சாமானைக் காட்டுற மாதிரி. மீனோ தெரியாது. நான் மீன் வெட்டுறனான் எண்டு அவள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அதைப்பற்றித்தான் கதைச்சியளோ எண்டு யோசிக்கிறனான்."

நிறுத்தி, வியர்வையைத் துடைத்தார். பிறகு கிட்டங்கியைப் பற்றிச் சொன்னார். நோர்வேயிலிருந்து வரும் பெட்டிகளைப் பற்றி, ஒருதரம் ஆளுயரத்துக்கு வந்த மீனைப் பற்றி, ஐஸில் மரத்துப்போகும் விரல்களைப் பற்றி. லிசாவைப் பற்றிச் சொன்னார். இமெல்டாவின் காய்ச்சலைச் சொன்னார். இன்னும் உங்கள் மேல் எனக்குப் பொறாமை முழுக்கப் போகவில்லை என்பதையும், மறைத்து என்ன, சொன்னார். வாளியை எடுத்து இன்னொருதரம் நிறைத்து வந்து, மனைவியின் பக்கமும் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது இமெல்டா சுவரில் சாய்ந்து எழும்பி இருந்தாள்.

"இவ்வளவு நேரமோ? எங்க போனீங்கள்?"

"அங்கதான்."

"தண்ணி ஊத்தினீங்களோ?"

"ஓம். ரெண்டு வாளி."

அவள் கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.